கூட்டணி மாறும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள்: வருவாய் குறைந்தவற்றுக்கு என்ன நேர்கிறது?

2023 ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை அன்று ஐந்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள், தாம் உறுப்பினராக இருந்த பேக்-12 என்னும் விளையாட்டுக் கூட்டணியை விட்டு வெளியேறப்போவதாக அறிவித்தன. 1915-இல் தொடங்கிய மரபைக் கொண்ட அந்தக் கூட்டணியிலிருந்து விலகுவதாக அதற்கு முன்பே மூன்று பல்கலைக்கழகங்கள் சொல்லியிருந்தன. நான்கு வாரம் கழித்து மேலும் இரண்டு விலகின. பன்னிரண்டில் மிஞ்சியவை இரண்டே: கோர்வாலிஸ் நகரிலுள்ள ஆரெகன் ஸ்டேட் பல்கலைக்கழகமும், புல்மன் நகரிலுள்ள வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகமும்.

ஆட்டத்தில் தோற்றதனால் இவ்விரண்டும் தனித்து விடப்படவில்லை. 2022-ஆம் ஆண்டுக் கால்பந்துப் பருவத்தில் ஆரெகன் ஸ்டேட் 13 ஆட்டங்களில் 10-இல் வென்றது. அதே மாநிலத்தின் மற்றொரு அரசுப் பல்கலைக்கழகமும், 1894 முதல் தன் பரம வைரியுமான ஆரெகன் பல்கலைக்கழகத்தை அந்த ஆண்டு 38-34 என்ற கணக்கில் வீழ்த்தியும் காட்டியது. ஆனாலும் அடுத்த ஆண்டு, பணம் கொழிக்கும் பிக் டென் கூட்டணியிலிருந்து அழைப்பு வந்தது தோற்ற ஆரெகனுக்குத்தான். வென்றவருக்குக் கதவு மூடப்பட்டு, தோற்றவருக்குத் திறக்கப்பட்டதற்கான காரணத்தை விளங்கிக்கொண்டால், அமெரிக்காவில் பல ஆண்டுகளாக நடந்துவரும் கூட்டணி மாற்றங்களின் முக்கால் பங்கு விளங்கிவிடும்.

முதலில் பின்னணி. அமெரிக்காவில் பல்கலைக்கழக விளையாட்டு என்பது மாணவர்களின் மாலைநேரப் பொழுதுபோக்கு அன்று. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அரங்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமர்ந்து பார்க்கலாம். இங்கே கால்பந்து என்று நான் சொல்வது, தலைக்கவசம் அணிந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தை. பெரிய பல்கலைக்கழகங்களில் இந்தக் கால்பந்தும், அதற்கு அடுத்தபடியாக ஆண்கள் கூடைப்பந்தும்தான் பெரும்பணம் ஈட்டுகின்றன. நீச்சல், தடகளம், டென்னிஸ், மல்யுத்தம், படகுப் போட்டி, பெண்கள் கைப்பந்து போன்ற மற்றவை பெரும்பாலும் செலவு வைப்பவை. கால்பந்து கொண்டுவரும் பணத்தில் அவை வாழ்கின்றன. கால்பந்தின் உயர்மட்டப் பிரிவில் இருக்க விரும்பும் பல்கலைக்கழகம் குறைந்தது 16 விளையாட்டுகளில் அணி வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆண்களுக்கு நிகரான வாய்ப்பைப் பெண்களுக்கும் தர வேண்டும் என்று 1972-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று கட்டாயப்படுத்துகிறது. ஆகவே கால்பந்து வருவாய் சரிந்தால் அதன் அடி கால்பந்து வீரர்களின் மேல் மட்டும் விழுவதில்லை.

இந்தப் பல்கலைக்கழகங்கள் அனைத்துக்கும் பொதுவான அமைப்பு என்.சி.ஏ.ஏ. அதற்குக் கீழே, பத்துப் பன்னிரண்டு பல்கலைக்கழகங்கள் தம்முள் சேர்ந்து அமைத்துக்கொள்ளும் குழுவைக் கான்ஃபரன்ஸ் என்பார்கள். இக்கட்டுரையில் அதைக் கூட்டணி என்றே குறிப்பிடுகிறேன். ஒரு கூட்டணியின் உறுப்பினர்கள் ஆண்டுதோறும் தமக்குள் ஆடுகிறார்கள், தமக்குள் ஒரு வாகையரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், வீரர்களின் தகுதி பற்றிய விதிகளை வகுத்துக்கொள்கிறார்கள். பெரிய கூட்டணிகளுள் மிகப் பழையது 1896-இல் உருவான பிக் டென். சிகாகோவைச் சுற்றியுள்ள மாநிலங்களின் பல்கலைக்கழகத் தலைவர்கள், மாணவரல்லாத கூலி ஆட்டக்காரர்களைக் களமிறக்கும் வழக்கத்தை அடக்குவதற்காக ஒன்றுகூடியதிலிருந்து பிறந்தது அது. பேராசிரியர்களின் கட்டுப்பாட்டில், ரயிலில் போய்வரக்கூடிய தொலைவில் உள்ளவர்களோடு மட்டும் ஆடுவது என்பதே அன்றைய ஏற்பாடு. இன்று அந்தப் பிக் டென்னில் 18 உறுப்பினர்கள். அவர்களுள் லாஸ் ஏஞ்சலிஸின் யூ.சி.எல்.ஏ.வும் உண்டு, நாட்டின் மறுகோடியில் நியூ ஜெர்சியில் இருக்கும் ரட்கர்ஸும் உண்டு. பெயரில் அட்லாண்டிக் கடற்கரையைத் தாங்கிய ஏ.சி.சி. கூட்டணியில், பசிபிக் கடற்கரையின் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்திருக்கின்றன. நிலவியலைக் கேலி செய்யவே பெயர் வைத்தாற்போல் இருக்கிறது.

இந்தத் திரிபு தொடங்கியது ஒரு வழக்கிலிருந்து. 1950-களின் தொடக்கம் முதல் முப்பதாண்டுகளுக்கும் மேலாக, பல்கலைக்கழகக் கால்பந்து ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் காட்டும் உரிமை முழுவதையும் என்.சி.ஏ.ஏ. தன் கையில் வைத்திருந்தது. எந்த வாரம் எந்த ஆட்டம் ஒளிபரப்பாகலாம், ஓர் அணி எத்தனை முறை திரையில் தோன்றலாம் என்பதையெல்லாம் அதுவே முடிவு செய்தது. மக்கள் வீட்டிலேயே ஆட்டத்தைப் பார்த்துவிட்டால் அரங்குக்கு வரமாட்டார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். பார்வையாளரை ஈர்க்கும் பெரிய அணிகளுக்கு இது எரிச்சலூட்டியது. ஒக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குத் தொடுத்தன; 1984-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இந்த ஏற்பாடு போட்டிச் சந்தையைக் கட்டுப்படுத்தும் சட்டவிரோதமான கூட்டு என்று 7-2 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பைரன் வைட். கொலராடோ பல்கலைக்கழகத்தின் கால்பந்து நட்சத்திரமாக இருந்தவர். கல்லூரி விளையாட்டை மற்ற வணிகங்களைப்போல் வெறும் வணிகமாக எடைபோடக் கூடாது என்ற அவர் வாதம் எடுபடவில்லை. சட்டப்படி பெரும்பான்மையின் பக்கமே நியாயம் இருந்தது என்று நான் நினைக்கிறேன். ஆனால் பின்விளைவை வைட் தான் சரியாக ஊகித்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தீர்ப்புக்குப் பின் ஒளிபரப்பு உரிமையை விற்கும் வேலை கூட்டணிகளின் கைக்கு வந்தது. அதுவரை ஆட்ட அட்டவணையும் ஒழுங்குவிதிகளும் வகுக்கும் சங்கமாக இருந்த கூட்டணி, அன்றிலிருந்து ஒரு விற்பனை நிறுவனம். விற்பனை நிறுவனத்தில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்ற கேள்விக்கு அடையாளமும் அண்டை உறவும் விடை சொல்வதில்லை.

முதலில் பலியானது சவுத்வெஸ்ட் கூட்டணி. 1914-இல் தோன்றி, பெரும்பாலும் டெக்சஸ் மாநிலப் பல்கலைக்கழகங்களைக் கொண்டிருந்த அந்தக் கூட்டணியிலிருந்து ஆர்கன்சா விலகி, தென்கிழக்கு மாநிலங்களின் எஸ்.இ.சி.யில் சேர்ந்தது. எஞ்சியவை எட்டும் ஒரே மாநிலத்தவை. தொலைக்காட்சி நிறுவனங்களின் கணக்கில் எட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து விற்றாலும் கிடைப்பது ஒரே மாநிலத்துச் சந்தைதான். 1996-இல் டெக்சஸ், டெக்சஸ் ஏ அண்ட் எம், டெக்சஸ் டெக், பெய்லர் ஆகிய நான்கும் வடக்கேயிருந்த பிக் எய்ட்டோடு இணைந்து பிக் 12 ஆயின. இந்த இணைப்பு முடிவான 1994-இல் ஆளுநராக இருந்த ஆன் ரிச்சர்ட்ஸ் பெய்லரில் படித்தவர், துணை ஆளுநர் பாப் புல்லக் டெக்சஸ் டெக்கிலும் பெய்லரிலும் படித்தவர் என்பதைச் சொல்லிப் புன்னகைக்கும் டெக்சஸ்காரர்கள் உண்டு. மாநிலத் தலைநகரில் அத்தகைய ஆதரவு இல்லாத டி.சி.யூ., எஸ்.எம்.யூ., ரைஸ், ஹூஸ்டன் ஆகிய நான்கும் வெளியே நின்றன.

அந்த நால்வரின் பிற்காலக் கதை பாடமாகப் படிக்கத் தக்கது. டி.சி.யூ. மூன்று சிறிய கூட்டணிகளில் ஒன்றன்பின் ஒன்றாக ஆடி, வென்று, 2012-இல் பிக் 12-க்குள் நுழைந்தது. 2023 ஜனவரியில் தேசிய வாகைக்கான இறுதியாட்டம் வரை போய், அங்கே ஜார்ஜியாவிடம் 65-7 என்று நொறுங்கியது. ஹூஸ்டனுக்கு 2023-இல் பிக் 12-இல் இடம் கிடைத்தது. எஸ்.எம்.யூ. 2024-இல் ஏ.சி.சி.யில் சேர்ந்தது, ஒன்பது ஆண்டுகளுக்குத் தொலைக்காட்சி வருவாயில் பங்கே வேண்டாம் என்று ஒப்புக்கொண்டு நுழைந்தது. எண்ணெய்ச் செல்வம் மிகுந்த டாலஸ் நகரின் முன்னாள் மாணவர்கள் அந்த ஒன்பதாண்டுச் செலவைத் தாங்குவார்கள் என்ற நம்பிக்கையில் எடுத்த முடிவு அது. ரைஸ் மட்டும், கல்வியில் நால்வருள் மிக உயர்ந்ததாக எண்ணப்படுவது, இன்றும் இரண்டாம் நிலைக் கூட்டணியிலேயே இருக்கிறது. ஆக, வெளியே நிறுத்தப்பட்டவர் திரும்ப உள்ளே வர முடியாது என்பதில்லை; ஆனால் அதற்கு 16 ஆண்டுகளோ 28 ஆண்டுகளோ ஆகிறது, பணக்காரப் புரவலரும் தேவைப்படுகிறார்.

இனி இதன் கணக்கைப் பார்ப்போம். பழைய முறைப்படி கூட்டணியின் தொலைக்காட்சி வருவாய் உறுப்பினர்களுக்குள் சமமாகப் பங்கிடப்படும். பத்து உறுப்பினர்களுக்கு ஆண்டுக்கு 30 கோடி டாலர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்; ஆளுக்கு 3 கோடி. பதினோராவதாக ஒருவர் வந்து சேர்ந்தால், ஒளிபரப்பு நிறுவனம் மொத்தத் தொகையில் இன்னும் 3 கோடியாவது கூட்டித் தந்தால்தான் பழையவர்களின் பங்கு குறையாது. எனவே புதியவரைப் பற்றிக் கேட்கப்படும் கேள்வி, அவர் நன்றாக ஆடுகிறாரா என்பதன்று. அவர் ஆட்டத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதே. இதே கணக்கை உள்ளே இருப்பவர்கள்மீது திருப்பிப்போட்டால் சங்கடம் தொடங்குகிறது. பத்துப் பேரில் சிலர் 5 கோடி மதிப்புக்குப் பார்வையாளரைக் கொண்டுவருகிறார்கள், சிலர் 1 கோடிக்குத்தான் கொண்டுவருகிறார்கள் என்று ஆலோசகர் ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டியதும், 5 கோடிக்காரர் தம்மையொத்தவர்கள் மட்டும் இருக்கும் இடத்தைத் தேடத் தொடங்குகிறார். வருவாய் குறைந்த பல்கலைக்கழகம் அதுவரை வாழ்ந்தது சமப்பங்கின் நிழலில்தான் என்பது அப்போதுதான் வெளிப்படுகிறது.

மதிப்பை அளக்கும் கோலும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 2007-இல் பிக் டென் தனக்கென ஒரு தொலைக்காட்சி அலைவரிசையைத் தொடங்கியது. கேபிள் இணைப்பு உள்ள ஒவ்வொரு வீட்டிலிருந்தும், அந்த வீட்டார் ஆட்டம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், மாதாமாதம் ஒரு சிறு தொகை அதற்கு வரும். ஆகவே 2014-இல் ரட்கர்ஸும் மேரிலாண்டும் சேர்க்கப்பட்டன. அவற்றின் கால்பந்துத் திறமைக்காகவன்றி, நியூயார்க், வாஷிங்டன் நகர வட்டாரங்களின் வீடுகளுக்காக. பிறகு கேபிள் இணைப்புகள் குறையத் தொடங்கியதும் வீடுகளின் எண்ணிக்கை மதிப்பிழந்தது. நாடெங்கும் பெயர் தெரிந்த, எங்கே ஆடினாலும் திரையின் முன் மக்களை உட்காரவைக்கும் அணிகளே மதிப்புப் பெற்றன. நைக்கியின் நிறுவனர்களுள் ஒருவரான ஃபில் நைட் ஆரெகனில் படித்தவர். அவருடைய கொடைகளாலும், வாரம் ஒரு சீருடையில் வந்து நின்ற பகட்டாலும் ஆரெகன் அப்படியொரு பெயராக வளர்ந்திருந்தது. சியாட்டிலிலிருந்து காரில் ஏறத்தாழ ஐந்து மணி நேரத் தொலைவில், கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் புல்மனுக்கு, பெரிய நகரச் சந்தையும் இல்லை, நைட்டும் இல்லை.

பேக்-12 சிதைந்த விதத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 2021 கோடையில் டெக்சஸும் ஒக்லஹோமாவும் பிக் 12-ஐ விட்டு எஸ்.இ.சி.க்குப் போவதாக அறிவித்தபோது, அழியப்போவது பிக் 12 தான் என்று பலரும் எண்ணினார்கள். அங்கே மிஞ்சிய எட்டுப் பேரில் எவரையும் சேர்த்துக்கொள்ளும் எண்ணமில்லை என்று பேக்-12 அறிவித்துவிட்டது. அடுத்த ஆண்டு ஜூன் 30 அன்று, தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் யூ.சி.எல்.ஏ.வும் பிக் டென்னுக்குப் போவதாகச் சொன்னதும் நிலைமை தலைகீழானது. லாஸ் ஏஞ்சலிஸ் சந்தை கையை விட்டுப் போன பேக்-12, புதிய ஒளிபரப்பு ஒப்பந்தத்துக்கு ஆள் தேடியது. ஈ.எஸ்.பி.என். ஆளுக்கு ஆண்டுக்கு 3 கோடி டாலர் தர முன்வந்ததாகவும், பல்கலைக்கழகத் தலைவர்கள் 5 கோடி கேட்டதாகவும் பின்னர் செய்திகள் வந்தன. இந்த இழுபறி நடந்துகொண்டிருந்தபோதே, 2022 அக்டோபரில், அழியும் என்று கருதப்பட்ட பிக் 12, ஆளுக்குச் சராசரியாக 3.17 கோடி டாலர் என்ற ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. வரவேற்பறையில் நாற்காலிகள் குறைவு என்பதைப் பட்டறிந்தவர்கள் முதலில் அமர்ந்துகொண்டார்கள்.

2023 ஜூலையில் கொலராடோ பிக் 12-க்குத் திரும்பியது. ஆகஸ்ட் தொடக்கத்தில் பேக்-12-இன் மேசையில் இருந்தது ஆப்பிள் நிறுவனத்தின் ஒரு திட்டம் மட்டுமே: அடிப்படைத் தொகை குறைவு, இணையச் சந்தாதாரர் பெருகினால் தொகையும் பெருகும். ஆகஸ்ட் 4 காலையில் எல்லோரும் கையெழுத்திடுவார்கள் என்று எதிர்பார்க்கப்பட்ட கூட்டம் கையெழுத்தில்லாமல் முடிந்தது. ஆரெகனும் சியாட்டிலிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகமும் பிக் டென்னுக்கு, அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12-க்கு என்று அன்றே பிரிந்தார்கள். போனவர்களும் எல்லோரும் முழுப்பங்கோடு போகவில்லை. ஆரெகனும் வாஷிங்டனும் பிக் டென்னின் பழைய உறுப்பினர்கள் பெறுவதில் ஏறத்தாழப் பாதிக்கு இசைந்தார்கள். ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஏ.சி.சி. பங்கில் 30 விழுக்காடு போதும் என்றார்கள். வருவாய் குறைந்த நிலை என்பது வெளியே தள்ளப்பட்டவர்களுக்கு மட்டும் உரியதன்று. வாசலைத் தாண்டியவர்களுக்குள்ளும் தரவரிசை உண்டு.

மிஞ்சிய இருவரின் இழப்பை எண்ணில் பார்க்கலாம். 2021-22 நிதியாண்டில் பேக்-12 தன் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் பகிர்ந்தளித்தது சுமார் 3.7 கோடி டாலர். மேற்கில் அடுத்த நிலையிலிருந்த மவுன்டன் வெஸ்ட் கூட்டணி, 2020-இல் ஆறு ஆண்டுகளுக்குச் செய்துகொண்ட ஒளிபரப்பு ஒப்பந்தத்தின் மொத்தமே 27 கோடி. ஆண்டுக்கு உறுப்பினருக்குக் கிடைப்பது அரைக்கோடிக்கும் கீழே. பெரிய வருவாயை நம்பிக் கட்டிய அரங்குகளின் கடன் தவணையோ அப்படியே நின்றது.

அவர்கள் நீதிமன்றத்தை நாடினார்கள். விலகுவதாக அறிவித்த பத்துப் பேர் கூட்டணியின் நிர்வாகக் குழுவில் வாக்களித்து அதன் கையிருப்பைக் கரைத்துவிடக் கூடாது என்பது வழக்கு. 2023 நவம்பரில், புல்மனை அடுத்த கோல்ஃபாக்ஸ் ஊரின் மாவட்ட நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதம் சமரசமும் ஏற்பட்டது. இரண்டு உறுப்பினர் மட்டுமே கொண்ட கூட்டணி இரண்டு ஆண்டுகள் வரை நீடிக்க விதிகள் இடம் தந்ததால், அந்த அவகாசத்தில் மூச்சு வாங்கினார்கள். 2024 பருவத்தில் ஆடுவதற்கு எதிரணிகளைத் தரும்படி மவுன்டன் வெஸ்டுக்கு இருவரும் சேர்ந்து 1.4 கோடி டாலர் கொடுத்தார்கள். 2025-இல் ஆட ஆள் கிடைக்காமல், ஒரே பருவத்தில் தங்களுக்குள் இரண்டு முறை மோதிக்கொண்டார்கள். கூடைப்பந்து முதலிய ஆட்டங்களுக்கு, பெரும்பாலும் கத்தோலிக்கக் கல்லூரிகளைக் கொண்ட வெஸ்ட் கோஸ்ட் கூட்டணியில் தற்காலிக இடம் கிடைத்தது. மூன்று முறை தேசிய வாகை சூடிய ஆரெகன் ஸ்டேட்டின் பேஸ்பால் அணி எந்தக் கூட்டணியிலும் சேராமல் 2025-இல் தனியாகச் சுற்றுப்பயணம் செய்து ஆடியது. அப்படி ஆடியே, தேசிய வாகையைத் தீர்மானிக்கும் கல்லூரி உலகத் தொடர் வரை முன்னேறியது. நீதி என்று ஒன்று இருந்தால் இந்தச் செய்தி இன்னும் உரக்கப் பேசப்பட்டிருக்க வேண்டும்.

ஆனால் பணத்தைவிட வேகமாக மனிதர்கள் வெளியேறினார்கள். ஆரெகன் ஸ்டேட்டின் தலைமைப் பயிற்சியாளர் ஜோனதன் ஸ்மித், அதே பல்கலைக்கழகத்தின் முன்னாள் ஆட்டக்காரர், 2023 நவம்பரில் பிக் டென்னின் மிச்சிகன் ஸ்டேட்டுக்குப் போனார். வாஷிங்டன் ஸ்டேட்டின் விளையாட்டு இயக்குநர் பாட் சன் சில மாதங்களில், சியாட்டிலிலுள்ள பழம்போட்டியாளரான வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கே வேலை மாறினார். வீரர்கள் ஒரு பருவம்கூடக் காத்திராமல் பல்கலைக்கழகம் மாறலாம் என்றும், தம் பெயரையும் புகழையும் விளம்பரத்துக்கு விற்றுப் பணம் பெறலாம் என்றும் 2021-இலிருந்து விதிகள் தளர்ந்திருந்தன. வாஷிங்டன் ஸ்டேட்டின் கேம் வார்ட் மயாமிக்குப் போய், அங்கிருந்து 2025-இல், தொழில்முறைக் கழகங்கள் புதிய வீரர்களை எடுக்கும் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். அவர் இடத்தில் ஆடிய ஜான் மாட்டீர் ஒரே பருவத்துக்குப் பின் ஒக்லஹோமாவுக்குப் போனார். அறியப்படாத இளைஞரைக் கண்டெடுத்து வளர்ப்பது வருவாய் குறைந்தவர்களின் பழைய வலிமை. இப்போது அவர்கள் வளர்க்கிறார்கள், அறுவடை மற்றவர்களுக்கு. வீரர்களை இதற்காகக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பல பத்தாண்டுகளாக உழைத்தவருக்குக் கூலி தராமல் அரங்கும் அலுவலகமும் கட்டிய அமைப்பு அது.

கூலி தரும் கடமையும் இப்போது வந்துவிட்டது. 2025 ஜூன் 6 அன்று கலிஃபோர்னியா நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்த சமரசத்தின்படி, ஒரு பல்கலைக்கழகம் 2025-26 ஆண்டில் தன் வீரர்களுக்கு நேரடியாக 2.05 கோடி டாலர் வரை பகிர்ந்தளிக்கலாம். முன்னாள் வீரர்களுக்கு இழப்பீடாகப் பத்தாண்டுகளில் சுமார் 280 கோடி டாலர் தர வேண்டும். அளிக்கலாம் என்பதுதான் விதி, அளித்தாக வேண்டும் என்பதன்று. ஆயினும் அளிப்பவரிடம்தான் வீரர் சேர்வார். தொலைக்காட்சியிலிருந்து 6 கோடி பெறுபவருக்கு 2 கோடி ஒரு செலவு. அரைக்கோடி பெறுபவருக்கு அது எட்டாத தொகை. இழப்பீட்டின் ஒரு பகுதி, என்.சி.ஏ.ஏ. ஆண்டுதோறும் எல்லோருக்கும் பகிரும் தொகையிலிருந்து பிடிக்கப்படுவதால், கால்பந்து அணியே இல்லாத சிறு பல்கலைக்கழகங்களும் அந்தச் சுமையில் பங்கேற்கின்றன. அவை கூச்சலிட்டன; பயனில்லை.

தொலைக்காட்சிப் பணம் இல்லாதவர்கள் எப்படித்தான் வாழ்கிறார்கள்? பெரும்பகுதி பல்கலைக்கழகப் பொதுநிதியிலிருந்தும், மாணவர் ஒவ்வொருவரும் செலுத்தும் விளையாட்டுக் கட்டணத்திலிருந்தும் வருகிறது. ஒரு நாளும் அரங்குக்குப் போகாத மாணவரும் அதைச் செலுத்துகிறார். மற்றொரு வழி, பெரிய அணியின் ஊருக்குப் போய்க் காசு வாங்கிக்கொண்டு தோற்றுவிட்டு வருவது. பருவத் தொடக்கத்தில் எளிதான வெற்றி ஒன்று பெரிய அணிக்குத் தேவை. சின்ன அணிக்கு வரவுசெலவை ஈடுகட்டத் தொகை தேவை. சிலவேளைகளில் வாங்கிய காசுக்குரிய பணிவு இல்லாமல் போய்விடும்: 2007-இல் 4 லட்சம் டாலர் பெற்றுக்கொண்டு மிச்சிகனுக்குப் போன அப்பலாச்சியன் ஸ்டேட், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில் 34-32 என்று வென்றது. 2024-இல் 14 லட்சம் டாலர் பெற்ற நார்தர்ன் இலினாய், நாட்ர டேமை 16-14 என்று சாய்த்தது. நாட்ர டேம் அந்தத் தோல்விக்குப் பின்னும் தேசிய இறுதியாட்டத்தில் ஆடியது. நார்தர்ன் இலினாய்க்கு ஒரு நினைவு மிஞ்சியது.

தேசிய வாகைக்கான பிளேஆஃப் தொடரின் வருவாயிலும் இதே ஏணிதான். 2026 முதல் ஈ.எஸ்.பி.என். ஆண்டுக்குச் சுமார் 130 கோடி டாலர் தருகிறது. பிக் டென்னும் எஸ்.இ.சி.யும் தலா ஏறத்தாழ 29 விழுக்காடு எடுத்துக்கொள்கின்றன. இரண்டாம் நிலைக் கூட்டணிகள் அனைத்துக்கும் சேர்த்துக் கிடைப்பது சுமார் 9 விழுக்காடு. முந்தைய ஒப்பந்தத்தில் அவர்களுக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இருந்தது.

கால்பந்துக்காக எடுக்கப்படும் முடிவின் விலையை மற்ற விளையாட்டுகள் கொடுக்கின்றன. கால்பந்து அணி வாரத்துக்கு ஓர் ஆட்டம், அதுவும் தனி விமானத்தில். கைப்பந்து ஆடும் பெண்களோ வாரத்துக்கு இரண்டு மூன்று ஆட்டங்களுக்காகக் கண்டத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் பறந்து, இடையில் தேர்வும் எழுத வேண்டும். பணம் குறைந்த இடத்தில் அணியே கலைக்கப்படும். வாஷிங்டன் ஸ்டேட் 2025-இல் தன் தடகளப் பிரிவைச் சுருக்கி, தாண்டுதல், எறிதல் போட்டிகளைக் கைவிடுவதாக அறிவித்தது. இது எங்கோ நடக்கும் சங்கதி என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. டெல்லியில் வளர்ந்த தமிழரான உயரம் தாண்டுதல் வீரர் தேஜஸ்வின் சங்கர், கேன்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் உதவித்தொகையில் படித்து, 2018-இலும் 2022-இலும் அமெரிக்கப் பல்கலைக்கழக வாகையர் ஆனார். அந்த 2022-இலேயே காமன்வெல்த் போட்டியில் இந்தியாவுக்காக வெண்கலம் வென்றார். கேன்சஸ் ஸ்டேட் பிக் 12-இல் இருப்பது. 2010-இலும் 2021-இலும் அந்தக் கூட்டணி உடையும் தறுவாயில் இருந்தபோது, எவரும் அழைக்காத பல்கலைக்கழகங்களின் பட்டியலில் அதன் பெயரும் இருந்தது.

விலகிப் போவதே தோல்வி என்று கருத வேண்டியதில்லை என்று காட்டிய பல்கலைக்கழகங்களும் உண்டு. பிக் டென்னை நிறுவியவர்களுள் ஒன்றான சிகாகோ பல்கலைக்கழகம், 1939-இல் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸின் முடிவால் கால்பந்தையே கைவிட்டு, 1946-இல் கூட்டணியையும் விட்டது. அதன் கல்விப் புகழ் இம்மியும் குறையவில்லை. கனெக்டிகட் 2013-இல் தன் கூட்டணி உடைந்து இரண்டாம் நிலைக்கு இறங்கிய பின், கால்பந்தைத் தனியே விட்டுவிட்டு, 2020-இல் கூடைப்பந்துக்குப் பெயர்போன பிக் ஈஸ்டுக்குத் திரும்பியது. 2023-இலும் 2024-இலும் ஆண்கள் கூடைப்பந்தில் தேசிய வாகை சூடியது. புல்மனிலிருந்து பதின்மூன்று கிலோமீட்டர் தொலைவில் மாஸ்கோ என்ற ஊரில் இருக்கும் ஐடஹோ பல்கலைக்கழகம், கூட்டணி கைவிட்டதும் 2018-இல் தானே முன்வந்து ஒரு பிரிவு கீழே இறங்கி, அண்டை மாநிலங்களோடு ஆடத் தொடங்கியது. வாஷிங்டன் ஸ்டேட் அந்த வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை. 1900 முதல் சியாட்டிலோடு சமமாக மோதிப் பழகிய பல்கலைக்கழகத்துக்கு அது எளிதும் அன்று.

இதற்கு மாற்று இல்லையா என்றால், அமெரிக்காவிலேயே இருக்கிறது. 1961-இல் இயற்றப்பட்ட விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம், தொழில்முறைக் கால்பந்துக் கழகங்கள் தம் உரிமைகளை ஒன்றாகச் சேர்த்து விற்கலாம் என்று விலக்கு அளித்தது. தேசிய ஒளிபரப்பு வருவாய் அங்கே சமமாகப் பங்கிடப்படுவதால்தான், ஒரு லட்சத்தையொட்டிய மக்கள்தொகை கொண்ட கிரீன் பே நகரின் அணி, நியூயார்க் அணிகளுக்கு நிகராக இன்றும் நிற்கிறது. பல்கலைக்கழகங்களுக்கும் அந்த விலக்கைத் தரலாம் என்று வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த அமெரிக்க செனட்டர் மரியா கேன்ட்வெல் 2025-இல் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். பிக் டென்னும் எஸ்.இ.சி.யும் அதை விரும்பாதது வியப்பன்று. மாறாக, சமப்பங்கு கூட்டணிகளுக்குள்ளேயே கரைந்துவருகிறது. உறுப்பினர்கள் வெளியேறாதபடி அவர்களின் ஒளிபரப்பு உரிமையை 2036 வரை எழுதி வாங்கிவைத்திருந்த ஏ.சி.சி.மீது ஃபுளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் வழக்குத் தொடுத்தன. 2025 மார்ச்சில் ஏற்பட்ட சமரசத்தின்படி, வருவாயின் ஒரு பெரும்பகுதி இனி அவரவர் ஈர்க்கும் பார்வையாளர் எண்ணிக்கைக்கேற்பப் பிரிக்கப்படும். வெளியே போகாமலேயே பின்தங்கும் பல்கலைக்கழகங்களை அங்கே இனிக் காணலாம்.

மிஞ்சிய இருவரும் தம் கூட்டணியின் பெயரையும் கையிருப்பையும் முதலாக வைத்து அதை மறுபடி கட்டினார்கள். 2024 செப்டம்பரில் பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், பின் யூட்டா ஸ்டேட் என்று மவுன்டன் வெஸ்டிலிருந்து ஐந்து பேரை இழுத்தார்கள். கூடைப்பந்துக்காகக் கொன்சாகாவையும், அடுத்த ஆண்டு டெக்சஸ் ஸ்டேட்டையும் சேர்த்தார்கள். புதிய பேக்-12-க்கு 2026 ஜூலை 1 தொடக்க நாள். ஆட இடம் கொடுத்த கூட்டணியிலிருந்தே ஆள் எடுத்ததற்கு ஒப்பந்தப்படி 5.5 கோடி டாலர் தண்டம் கேட்டது மவுன்டன் வெஸ்ட். அந்த விதியே சட்டவிரோதம் என்று 2024-இல் வழக்குத் தொடுத்தது பேக்-12. ஐந்து பேரை இழந்த மவுன்டன் வெஸ்ட், தன் பங்குக்கு டெக்சஸின் எல் பாசோவிலிருந்து ஒரு பல்கலைக்கழகத்தையும், கால்பந்துக்கு மட்டும் நார்தர்ன் இலினாயையும் எடுத்துக்கொண்டது. நார்தர்ன் இலினாய் விட்டுச்சென்ற மிட்-அமெரிக்கன் கூட்டணியில், பேருந்தில் போய்வரும் தொலைவில் உள்ளவர்களோடு ஆடும் வழக்கம் இன்னும் பெருமளவுக்கு இருக்கிறது. காலியான அந்த இடத்துக்கு அடுத்து யாரைக் கூப்பிடுவது என்பதை அவர்களும் யோசிக்க வேண்டியதாயிற்று.